காலிக் கட்டங்களின் கதை

பிரிட்டனின் பழைய சென்சஸ் தாள்கள், குடும்பங்கள் மறைத்துவைத்த பிறப்புகளை வெளியே கொண்டுவருகின்றன. தேடல் இந்தியாவை எட்டும்போது காணாமல் போகிறவர் பெரும்பாலும் தாய்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். இன்றிரவு உங்கள் கூரையின் கீழ் தூங்குகிறவர்கள் யார் யார்? பெயர், வயது, தொழில், பிறந்த ஊர், மணமானவரா இல்லையா, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு. பெரும்பாலான வீடுகளில் இது அரை மணி நேர வேலை. சில வீடுகளில் மட்டும் பேனா ஒரு வரியில் தயங்கி நின்றிருக்கும். கல்யாணமாகாத 17 வயது மகள். தொட்டிலில் ஆறு மாதக் குழந்தை. 'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

பலர் 'மகன்' என்று எழுதிவிட்டார்கள். காகிதத்தில் பாட்டி தாயானாள். தாய் அக்காவானாள். ஊருக்குச் சொன்ன அதே கதைதான் அரசாங்கத்துக்கும் சொல்லப்பட்டது. அந்தத் தாளை அரசாங்கம் பத்திரமாக வைத்திருந்து 100 ஆண்டுகளுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் படிக்கத் திறந்துவிடும் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று அந்தத் தாள்களை ஆர்வத்தோடு புரட்டுகிறவர்கள் அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகளே.

பிரிட்டனில் முதல் சென்சஸ் 1801-ல் நடந்தது. ஆனால் அது தலைகளை எண்ணியதோடு சரி. நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிப் பாதுகாக்கும் வழக்கம் 1841-ல் தொடங்கியது. அந்த ஆண்டு உறவு கேட்கப்படவில்லை. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக்கூட ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 1851-ல்தான் உறவு, சரியான வயது, மணநிலை, பிறந்த ஊர் எல்லாம் சேர்ந்தன. குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் பொற்காலம் அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

இதற்கு எவ்வளவு பசி இருக்கிறது என்பதை 2002 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு தெரிந்துகொண்டது. 1901-ம் ஆண்டு சென்சஸ் இணையத்தில் வெளியிடப்பட்டது. குவிந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் கம்ப்யூட்டர்கள் முடங்கின. சேவையையே பல மாதங்கள் நிறுத்திவைக்க வேண்டிவந்தது. 1911-ம் ஆண்டுத் தாள்கள் 2009-லும் 1921-ம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியிலும் வெளிவந்தன. அதற்குப் பிறகு நீண்ட இருட்டு. இங்கிலாந்து, வேல்ஸின் 1931-ம் ஆண்டுத் தாள்கள் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் எரிந்து சாம்பலாயின. போர் காரணமாக 1941-ல் சென்சஸே நடக்கவில்லை. நூறாண்டு விதிப்படி அடுத்த தொகுதிக்கு 2052 வரை காத்திருக்க வேண்டும்.

பொய்யைப் படிக்கும் முறை

திருமணத்துக்கு வெளியே பிறந்தவரா என்று சென்சஸ் படிவம் கேட்டதில்லை. அப்படியும் சில கணக்கெடுப்பாளர்கள் தாங்களாகவே அந்த வார்த்தையை ஓரத்தில் எழுதிவைத்ததுண்டு. மற்ற இடங்களில் துப்பறிந்துதான் ஆகவேண்டும். அனுபவசாலிகள் கவனிக்கும் அடையாளங்கள் சில உண்டு.

கடைசிப் பிள்ளைக்கும் அதற்கு முந்தைய பிள்ளைக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளி. தாய்க்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. அதே வீட்டில் மணமாகாத மூத்த மகள் ஒருத்தி. இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் வருகிறது. 'பேரன்' என்று குறிக்கப்பட்ட பையனுக்குத் தாத்தாவின் குடும்பப் பெயரே இருந்தால் அவன் மகன் வயிற்றுப் பேரனா, மகள் வயிற்றுப் பேரனா என்று பார்க்க வேண்டும். 20 வயதில் ஒரு 'விதவை', ஆனால் அவளுக்குத் திருமணம் நடந்ததாக எந்தப் பதிவும் இல்லை என்றால் இறந்துபோன அந்தக் கணவர் ஒருபோதும் இல்லாதவராக இருக்கலாம்.

'வீட்டு நிர்வாகி' என்ற சொல்லும் பல ரகசியங்களைச் சுமந்தது. 1857 வரை இங்கிலாந்தில் முழுமையான விவாகரத்துக்கு நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். பிறகு நீதிமன்றம் வந்தது, ஆனால் செலவு ஏழைகளுக்கு எட்டாதது. மனைவி எங்கோ உயிரோடு இருக்க, இன்னொரு பெண்ணோடு காலமெல்லாம் வாழ்ந்த ஆண்கள் அவளைச் சில சமயம் 'மனைவி' என்றார்கள். சில சமயம் 'நிர்வாகி' என்றார்கள். பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பட்டம் மாறுவதை இன்று அடுத்தடுத்த தாள்களில் பார்க்கலாம்.

1911 தாள் இன்னும் வெளிப்படையானது. மணமான பெண்கள் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை உயிரோடு உள்ளன, எத்தனை இறந்தன என்று எழுத வேண்டும். மணமாகாத பெண்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஆனால் படிவத்தைச் சரியாகப் படிக்காத சில குடும்பங்கள் அவர்களுக்கும் பதில் எழுதிவைத்தன. அலுவலக குமாஸ்தாக்கள் அதன்மேல் கோடு போட்டு அடித்தார்கள். கோட்டின் கீழே எழுத்து தெரிகிறது.

இவை எல்லாமே சந்தேகம் மட்டும்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு, சிறு வயதில் கணவனை இழந்தவர்களும் உண்டு. நிரூபணத்துக்கு வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டும். இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. 1875 முதல், தந்தை நேரில் வந்து ஒப்புக்கொண்டால் ஒழிய மணமாகாத தாய் அவர் பெயரைப் பதிய முடியாது. அதனால் ஆயிரக்கணக்கான சான்றிதழ்களில் தந்தைக்கான கட்டம் காலி.

அந்தப் பெயர் வேறு இடத்தில் கிடைப்பதுண்டு. காரணம் பணம். ஏழைக் குழந்தையை வளர்க்கும் செலவு ஊர்த் திருச்சபை வட்டாரத்தின் தலையில் விழும் என்பதால், 1834 வரை ஊர் அதிகாரிகளே தந்தையைத் தேடிப் பிடித்து ஜீவனாம்சத்துக்கு எழுதி வாங்கினார்கள். 1834 ஏழைகள் சட்டம் மொத்தப் பாரத்தையும் தாய்மீது தள்ளியது. எதிர்ப்பு வலுத்து, 1844 முதல் தாயே மாஜிஸ்திரேட்டிடம் வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. பிறப்பு ஏட்டில் எழுத அனுமதிக்கப்படாத பெயர் நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது.

பிரதமரின் பிறப்புச் சான்றிதழ்

பிள்ளைக்கு நடுப்பெயராகத் தந்தையின் குடும்பப் பெயரைச் செருகிவைப்பது தாய்மார்கள் கையாண்ட இன்னொரு வழி. 1866 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் லாசிமவுத் என்ற மீனவர் ஊரில் ஆன் ராம்ஸே என்ற பணிப்பெண்ணுக்கு ஒரு மகன் பிறந்தான். பதிவான பெயர் ஜேம்ஸ் மெக்டொனால்ட் ராம்ஸே. தந்தை ஜான் மெக்டொனால்ட், ஏர் உழும் தொழிலாளி. இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. பையன் பாட்டி வீட்டில் வளர்ந்தான்.

அந்தப் பையன்தான் ராம்ஸே மெக்டொனால்ட். முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக அவரைப் பழிவாங்க நினைத்த 'ஜான் புல்' பத்திரிகை, 1915-ல் அவருடைய பிறப்புச் சான்றிதழின் நகலையே அச்சிட்டு அவமானப்படுத்தியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1924-ல், அவர் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர் ஆனார். 1932-ல் இந்தியாவுக்கு வகுப்புவாரித் தீர்ப்பு வழங்கியவரும் அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருக்கக் காரணமானவரும் அவரே.

ஆப்பிரிக்கக் காட்டில் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியின் பெயரும் பிறந்தபோது வைத்த பெயரல்ல. 1841-ல் வேல்ஸின் டென்பி ஊரில் பிறந்த அவரை, ஜான் ரௌலண்ட்ஸ் என்ற பெயரில், தகப்பன் முறையாக இல்லாத பிள்ளை என்று பச்சையாகவே சர்ச் ஏட்டில் எழுதினார்கள். 1847-ல் ஏழைகள் விடுதி ஒன்றில் விட்டுவிட்டார்கள். பிறகு அமெரிக்கா போய்ப் புதுப் பெயரும் புதுப் பூர்வீகமும் சூட்டிக்கொண்டார்.

'அரேபியாவின் லாரன்ஸ்' கதையில் தந்தையே பெயரை மாற்றிக்கொண்டார். அயர்லாந்து நிலப்பிரபு தாமஸ் சாப்மன், மனைவியையும் நான்கு மகள்களையும் விட்டுவிட்டு, வீட்டில் குழந்தைகளைக் கவனிக்க வந்த சாராவோடு வெளியேறி 'திரு, திருமதி லாரன்ஸ்' ஆனார். அவர்களுக்கு ஐந்து மகன்கள். சாராவும் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்தான். 1920-களின் இறுதியில் கராச்சியிலும் மீரான்ஷாவிலும் விமானப்படையில் சாதாரணச் சிப்பாயாக லாரன்ஸ் வேலை பார்த்தபோது, அந்தப் பெயரையும் உதறிவிட்டு 'ஷா' என்று வைத்துக்கொண்டிருந்தார்.

'கிழக்கிந்தியாவில் பிறந்தவர்'

இப்படித் தேடிப் போகிற பிரிட்டிஷ் குடும்பங்களில் கணிசமானவை ஒரு வரியில் வந்து முட்டி நிற்கின்றன. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் 'கிழக்கிந்தியா' என்று எழுதியிருக்கும். ஊர் இல்லை, மாகாணம் இல்லை.

அடுத்த படி லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலம் முதல் சென்னை, பம்பாய், வங்காள மாகாணங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய சர்ச் ஏடுகளின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்றும் அங்கே இருக்கின்றன. சென்னையின் பதிவுகள் 1698-லிருந்தே கிடைக்கின்றன. 2014 முதல் இவற்றில் பெரும்பகுதியை இணையத்திலும் பார்க்கலாம்.

இந்த ஏடுகளில் கம்பெனிச் சிப்பாய்கள், அதிகாரிகள், வியாபாரிகளின் 'இயற்கையான மகன்', 'இயற்கையான மகள்' என்று வரிசையாகப் பெயர்கள் வருகின்றன. திருமணமின்றிப் பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இருந்த நாசூக்கான சொல் அது. தந்தையின் பெயர், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். தாயின் இடம் பெரும்பாலும் காலி. அல்லது 'சுதேசிப் பெண்' என்று இரண்டு வார்த்தை. பெயர் இருந்தாலும் அது ஞானஸ்நானத்தில் கொடுத்த புதுப் பெயராக இருக்கும். அதை வைத்து அவள் ஊரையோ உறவையோ தேட முடியாது. இங்கிலாந்து ஏட்டில் தாய் இருப்பாள், தந்தை இருக்கமாட்டார். இந்திய ஏட்டில் அது அப்படியே தலைகீழ். கம்பெனி காலக் குடும்பங்களை ஆராய்ந்து வரலாற்றாசிரியர் துர்பா கோஷ் 2006-ல் வெளியிட்ட நூல், இந்தப் பெயரழிப்பை விரிவாக ஆராய்கிறது.

காரணம் புரியாததல்ல. வெள்ளைக்காரத் தந்தை ஒப்புக்கொண்டால் பிள்ளைக்குப் பெயர், படிப்பு, சில சமயம் சொத்து கிடைக்கும். தாய் யார் என்று தெரிந்தால் நஷ்டம்தான். 1791-ல் கம்பெனி, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் உயர் பணிகளில் இடமில்லை என்று உத்தரவு போட்டது. தாயை மறைப்பது பிழைப்பதற்கான வழியாயிற்று.

சென்னை எழும்பூரில் 1789-ல் தொடங்கிய ராணுவ ஆண்கள் அனாதை விடுதி இதற்குச் சாட்சி. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மூத்த மாணவர்களைக் கொண்டு இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் முறையை அங்கேதான் வகுத்தார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவியது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்தவர்கள். தாய் உயிரோடு இருக்கும் பிள்ளைகளும் இத்தகைய விடுதிகளில் 'அனாதை'தான். தகப்பன் இல்லையென்றால் யாருமில்லை என்பதே கணக்கு.

வசதியான குடும்பங்களிலும் பிரிவு இதே மாதிரிதான். ஹைதராபாத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக், கைருன்னிசா என்ற பிரபு குலப் பெண்ணை இஸ்லாமிய முறைப்படி மணந்தார். அவர்களுடைய இரண்டு குழந்தைகளும் 1805-ல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். கப்பல் ஏறுமுன் ஓவியர் ஜார்ஜ் சின்னரி அவர்களைச் சென்னையில் வரைந்தார். அடுத்த ஆண்டு லண்டன் சர்ச் ஒன்றில் சாஹிப் ஆலம் 'வில்லியம் ஜார்ஜ்' ஆனான். சாஹிப் பேகம் 'கேதரின் அரோரா' ஆனாள். தாய் 1813-ல் இறந்தார். பிள்ளைகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே கேதரினுக்கும் ஹைதராபாத்தில் உயிரோடிருந்த பாட்டிக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது.

சூரத்தில் தொடங்கிய இன்னொரு கதை பிரிட்டிஷ் அரண்மனையில் போய் முடிந்தது. ஸ்காட்லாந்து வியாபாரி தியோடர் ஃபோர்ப்ஸ், அங்கே எலைசா கெவார்க் என்ற பெண்ணோடு வாழ்ந்தார். 1812-ல் பிறந்த மகள் கேதரின், சிறுமியாக இருக்கும்போதே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டாள். ஃபோர்ப்ஸ் 1820-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பலில் இறந்தார். உயிலில் எலைசாவை 'வீட்டு நிர்வாகி' என்றே குறிப்பிட்டிருந்தார். கேதரினின் மகள், அவள் மகள் என்று பெண்வழியாகவே வந்த வரிசையில் பின்னால் பிறந்தவர் இளவரசி டயானா. எலைசா ஆர்மீனியர் என்றே குடும்பம் சொல்லிவந்தது. டயானாவின் தாய்வழி உறவினர்களின் உமிழ்நீரில் செய்த டி.என்.ஏ. சோதனை, தெற்காசியாவில் மட்டுமே பரவலாகக் காணப்படும் தாய்வழி மரபணுவைக் காட்டுவதாக 2013 ஜூனில் செய்தி வெளியானது. ஏடுகள் கைவிட்ட இடத்தில், தாயிடமிருந்து மட்டுமே வரக்கூடிய ஒரு மரபணு சாட்சி சொன்னது.

நம் கணக்கில் யார்?

இப்படி ஒரு தேடலை இந்திய சென்சஸை வைத்து நடத்த முடியாது. 1872-ல் ஆரம்பித்து, 1881 முதல் நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணத் தொடங்கிய பிரிட்டிஷ் அரசு, சாதி, மதம், மொழி, தொழில் என்று தொகுதி தொகுதியாக அட்டவணை போட்டது. எண்ணி முடித்ததும் தனிநபர் தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. அட்டவணை தங்கியது, ஆட்கள் போய்விட்டார்கள். சுதந்திர இந்தியாவின் 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டம், தனிநபர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, பொதுவாக வழக்குகளில் சாட்சியமாகவும் காட்ட முடியாது என்கிறது. மக்கள் பயமின்றி உண்மை சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். நூறாண்டு கழித்துத் திறக்கும் பிரிட்டிஷ் விதி இங்கே இல்லை.

எனவே இந்தியர்கள் வேறு ஏடுகளை நாடுகிறார்கள். ஹரித்வார் பண்டாக்களின் வம்சாவளி நோட்டுகள் தலைமுறை தலைமுறையாக வந்துபோன யாத்திரிகர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய கூலிகளுக்கு அரசு கொடுத்த அனுமதிச் சீட்டுகள் இன்னொரு புதையல். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்திரிகையாளர் கயூத்ரா பகதூர், தன் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவின் சீட்டைக் கண்டெடுத்தார். 1903-ல் கல்கத்தாவிலிருந்து 'கிளைட்' கப்பலில் தனியாகப் புறப்பட்ட அந்த பிகார் பெண் அப்போது நான்கு மாத கர்ப்பிணி. கூடக் கணவன் இல்லை. ஏன் புறப்பட்டாள் என்று சீட்டு சொல்லவில்லை. ஆனால் அவள் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது. அந்த இரண்டு விவரங்களைப் பிடித்துக்கொண்டு பேத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

பெயரே கிடைக்காத பெண்கள் எத்தனை பேர் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே சொன்னார்கள். அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டிவந்தது.

அரசியல் சாசனத்திலும் அந்தப் பழைய ஏட்டின் சாயல் இருக்கிறது. 366-வது பிரிவு, ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதைத் தந்தைவழியை மட்டும் வைத்தே வரையறுக்கிறது. தந்தையோ, தந்தைவழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க வேண்டும். அந்தச் சமூகம் உருவாகக் காரணமான இந்தியத் தாய்மார்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

சட்டம் மெதுவாக நகர்கிறது. பிரிட்டனில், பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் பிள்ளை முறையானவராகும் என்று 1926-ல் சட்டம் வந்தது. மீதமிருந்த பாகுபாடுகளில் பெரும்பாலானவற்றை 1987 சட்டம் நீக்கியது. இந்தியாவில், செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை 1955 இந்து திருமணச் சட்டம் முறையானவர்கள் என்றது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்கு வரக்கூடிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குச் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகலாம், பிறப்புச் சான்றிதழும் பெறலாம் என்று அதே கோர்ட் 2015 ஜூலையில் சொன்னது. ஒரு காலத்தில் வெட்கத்தால் காலியாக விடப்பட்ட கட்டத்தை, இன்று ஒரு தாய் விரும்பியே காலியாக விடலாம்.

தேடுகிறவர்களுக்கு இது பொழுதுபோக்காக மட்டும் நின்றுவிடுவதில்லை. அக்கா என்று நினைத்தவரே பாட்டி எனத் தெரியவந்தால் உயிரோடிருக்கும் பெரியவர்கள் மனம் என்னாகும்? டி.என்.ஏ. சோதனை மலிவாகிவிட்ட பிறகு, யாரும் கேட்காமலே ரகசியங்கள் உடைகின்றன. ஆனாலும் தேடியவர்களில் பலர் வம்சத்தில் பிரபுக்களைத் தேடப் போய், ஏழைகள் விடுதியில் பிள்ளை பெற்று, பதினான்கு மணி நேரம் வேலை செய்து, அந்தப் பிள்ளையை ஆளாக்கிய ஒரு பணிப்பெண்ணைக் கண்டு திரும்புகிறார்கள். அவர்களால் அவள் பெயரைக் குடும்ப மரத்தில் எழுத முடிகிறது. எழும்பூர் விடுதிப் பையன்களின் வாரிசுகள் தங்கள் மரத்தை வரையும்போது, முதல் கிளையில் ஒரு சிப்பாயின் பெயரை எழுதுகிறார்கள். பக்கத்துக் கட்டத்தில் எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை.